திரையில் வராத எண்

அதியமான்கோட்டை
12.1.2025

சகோதரி கவிப்பிரியா அவர்களுக்கு,

ரோசா ஆடியோ உரிமையாளர் ராஜப்பன் எழுதிக்கொள்வது. இது கடைக் கடிதம். அப்பன் மகளுக்கு எழுதுவதாகத் தாங்கள் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கன்னியர் மடத்துக்குப் போகிறேன் என்று தாங்கள் கடைச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போன நாளிலிருந்து இரண்டரை வருஷமாக ஒரு வரி எழுதாதவன், இந்த வேலை வந்திராவிட்டால் இப்போதும் எழுதியிருக்க மாட்டேன். போனில் கேட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன். பயிற்சி முடியும்வரை அங்கே போன் கிடையாது, மாதம் இரண்டு கடிதம்தான் என்று உன் அம்மா சொன்னாள். தங்களுடைய அம்மா.

விஷயத்துக்கு வருகிறேன். பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருக்கும் மாதவராஜ் புது வீடு கட்டி, மாடியில் ஒரு அறையையே தியேட்டர் ஆக்கியிருக்கிறார். பன்னிரண்டு ஸ்பீக்கர், நூற்றிருபது இஞ்சு திரை. சேலத்திலிருந்து இரண்டு பார்ட்டிகள் வந்து பேசினார்கள். "ராஜப்பண்ணன் காது வெச்சு சரிபண்ணிக் குடுத்தாத்தான் எனக்குத் திருப்திங்க" என்று மாதவராஜ் அவர்களைச் சொல்லி அனுப்பிவிட்டார். இதைப் பெருமைக்காக எழுதவில்லை. தகவலுக்காக எழுதுகிறேன்.

வழக்கம்போல நம் கடை டெமோ அறையில் இருக்கும் சவுண்ட் ப்ராசஸரின் செட்டிங்கை பென் டிரைவில் எடுத்துப்போய் அவர் வீட்டு ப்ராசஸரில் ஏற்றினேன். எல்லாம் ஏறிவிட்டது. ஆனால் ரிமோட்டில் சத்தத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் திரையில் எண் வருவதில்லை. எனக்கு எண் தேவையில்லை, எந்தக் காலத்திலும் நான் எண்ணைப் பார்த்து வேலை செய்தவன் இல்லை. மாதவராஜுக்கு வேண்டுமாம். விலைப்பலகை பார்த்தே பழகிய மனிதர். "ஏறறது எறங்கறது கண்ணுல தெரியணுங்கண்ணா" என்கிறார். மெனுவுக்குள் போனால் பூட்டுப் படம் ஒன்று வந்து நான்கு இலக்க நம்பர் கேட்கிறது. அந்த நம்பர் உன் நோட்டில் இருந்தது. நீ வீட்டை விட்டுப் போன அந்த வாரமே உன் நோட்டுகளைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டேன். அதில் எனக்கு வருத்தம் எதுவும் கிடையாது.

மெனு உன் இலாகா, காது என் இலாகா என்று பிரித்துக்கொண்டு வேலை பார்த்ததில் இது ஒரு தொல்லை. மாசி கடைசியில் அவருக்குப் புதுமனை புகுவிழா. மண்டிக்காரர்கள் அத்தனை பேரும் வருவார்கள். பூட்டு நம்பரையும், எண் வருவதற்கு எங்கே போய் எதை அழுத்த வேண்டும் என்பதையும் எழுதவும். வேறு எதுவும் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
ராஜப்பன்,
உரிமையாளர், ரோசா ஆடியோ.

பி.கு: உன் அம்மா இதிலேயே நான்கு வரி எழுதுகிறேன் என்றாள். கடைக் கடிதத்தில் வீட்டு விஷயம் வரக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.


மணப்பாறை
24.1.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

கடைக் கடிதத்துக்குக் கடைப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. உறைமேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் சாப்பாட்டு அறையிலேயே அழுதுவிட்டேன். எங்களுக்கு வரும் கடிதங்களை எங்கள் பயிற்சி சிஸ்டர்தான் முதலில் படிப்பார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "நானும் படிச்சேனே, ஸ்பீக்கரு, பென் டிரைவுன்னுதானே இருக்கு, இதுல அழ என்னம்மா இருக்கு?" என்று கேட்டார். அப்பா எழுதியிருக்கிறார் சிஸ்டர் என்று மட்டும் சொன்னேன்.

நான் நன்றாக இருக்கிறேன். இங்கே கோயிலில் மைக் கூவிக்கொண்டே இருக்கும். ஸ்பீக்கரைத் திருப்பி வைத்து, மைக்கைத் தள்ளி வைத்துச் சரிசெய்தேன். யாரிடம் படித்தாய் என்று கேட்டார்கள். தர்மபுரி ஜில்லாவிலேயே நல்ல காது என் அப்பாவுடையது என்று சொன்னேன். சொல்லும்போது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மாதவராஜ் வீட்டு வேலை உங்களுக்குத்தான் வரும், வேறு யாருக்கு வரும்?

எண் விஷயம். எண் வராமலே இருந்துவிட்டுப் போகட்டுமே அப்பா. படம் ஓடும்போது எண் வந்தால் கண்ணுக்கு இடைஞ்சல் என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள், ஒத்துக்கொள்வார். பூட்டு நம்பரை எழுதுவதற்கு முன் எனக்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது. ஏன் என்று இப்போது கேட்காதீர்கள்.

மே 24 சனிக்கிழமை எனக்கு முதல் வார்த்தைப்பாடு. அன்றைக்குத்தான் நான் முழுதாக சிஸ்டர் ஆவேன். எங்கள் சபை வழக்கப்படி அப்பாவும் அம்மாவும் இரண்டு பக்கமும் கையைப் பிடித்து, பிள்ளையைப் பீடம்வரை நடத்திக்கொண்டு வர வேண்டும். அம்மா வருவார்கள். மறுபக்கம் நீங்கள் இருக்க வேண்டும் என்பதைத் தவிர இந்த உலகத்தில் எனக்கு வேறு ஆசை ஒன்றும் இல்லை. இது கடை விஷயம் இல்லைதான், கோபப்படாதீர்கள்.

உங்கள்,
கவி


அதியமான்கோட்டை
5.2.2025

கவிப்பிரியாவுக்கு,

கேட்டது நான்கு இலக்கம். வந்தது இரண்டு பக்கம், அதில் அந்த நான்கு இலக்கம் மட்டும் இல்லை. யோசிக்க வேண்டுமாம். என் கடை, என் வாடிக்கையாளர், நான் வாங்கிய வேலை. நீ அங்கே உட்கார்ந்து என்ன யோசிக்கப் போகிறாய்?

இங்கே நடப்பதை எழுதுகிறேன், அப்போதாவது அவசரம் புரியும். போன ஞாயிறு பூசை முடிந்ததும் நானும் உன் அம்மாவும் பாலக்கோட்டுக்குப் போனோம். நம் சோதனை ஒலியைப் போட்டேன். பாலக்கோட்டு மார்க்கெட்டில் விடியற்காலை ஏலத்தை நான் பதிவுசெய்து வைத்திருக்கிறேனே, அதேதான். ஏலக்காரர் மாது கூவுவதும் கூடை விழுவதும் முன்னால் வர வேண்டும், பின்னால் தகரக் கூரையில் குருவிகள் கத்துவது தனியாக வர வேண்டும். குருவி தெளிந்தால் அறை தெளிந்தது. இருபது வருஷமாக என் கணக்கு இதுதான், ஒரு வீட்டில்கூடத் தப்பியதில்லை.

குருவி சரியாக வரவில்லை. புது அறை, சுவரெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கிறார்கள், அது விழுங்குகிறது. கீச்சுக்கு ட்ரெபிளைக் கூட்டினேன், சத்தத்தைக் கூட்டினேன். குருவி வந்தது. எனக்குத் திருப்தி. திரும்பிப் பார்த்தால் மாதவராஜ் மகள் ஐஸ்வர்யா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வெளியே ஓடுகிறது. அவர் சம்சாரம் அமுதவல்லி வாசலில் நின்று, "அண்ணா, தப்பா நெனைக்காதீங்க, தேங்காத் தொட்டிய சிமெண்டுத் தரையில தேய்க்கற மாதிரி இருக்குதுங்க" என்றது. "காது பழகணும்மா, ரெண்டு நாள் கேளுங்க" என்றேன். மாதவராஜ் என் பக்கம்தான். ஆனாலும் அவர் முகம் ஒரு மாதிரி இருந்தது.

வழியில் உன் அம்மா வாயைத் திறக்கவில்லை. தொப்பூர் கணவாய் லாரிபோல இரைந்துகொண்டே வருகிறவள் வாயைத் திறக்காவிட்டால் எனக்கு ஆகாது. என்னடி என்றேன். "ஒண்ணுமில்லைங்க" என்றாள்.

எனக்கு அந்த நம்பர் வேண்டும். திரையில் எண் வந்தால் மாதவராஜ் சமாதானம் ஆவார். மே 24 எனக்கு வெளியூர் வேலை இருக்கிறது.

ராஜப்பன்


மணப்பாறை
27.2.2025

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தை மூன்று வாரமாக ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டிருக்கிறேன். வருகிற புதன்கிழமை தவக்காலம் தொடங்குகிறது. அதன்பின் ஈஸ்டர்வரை நாங்கள் கடிதம் எழுதவும் முடியாது, வரும் கடிதங்களைப் படிக்கவும் முடியாது. அதனால் இன்று எழுதியே ஆக வேண்டும்.

பூட்டு நம்பர் 7340. உள்ளே போனதும் 'வீடியோ', அதற்குள் 'ஆன் ஸ்கிரீன் டிஸ்ப்ளே'. அதில் 'வால்யூம்' என்ற வரிக்கு எதிரே 'ஆஃப்' என்று இருக்கும். அதை 'மேல்' என்று மாற்றுங்கள். 'கீழ்' வைத்தால் படத்தின் சப்டைட்டிலை எண் மறைக்கும். அடுத்த வரி 'இன்ஃபோ', அதை 'ஆன்' செய்தால் ட்ரெபிள் எவ்வளவு, பாஸ் எவ்வளவு என்பதும் திரையில் வரும்.

இனி எழுதப்போவதை உட்கார்ந்து படியுங்கள். அந்த 'ஆஃப்' தானாக வந்தது இல்லை. நான் போட்டது.

நான் கடையை விட்டு வருவதற்கு ஒரு மாதம் முன்பு டீச்சர் ஒருவரும் அவர் வீட்டுக்காரரும் டெமோ கேட்க வந்தார்களே, நினைவிருக்கிறதா? "ஏன் சார், இவ்வளவு சத்தம் வேணுங்களா?" என்று அந்த டீச்சர் கேட்டார். நீங்கள் சிரித்துக்கொண்டே, "பள்ளிக்கூடத்துச் சத்தத்துலயே இருந்துட்டீங்க டீச்சர், நல்ல சத்தம் இப்படித்தான் இருக்கும்" என்றீர்கள். திரையில் அப்போது 58 என்று எண் நின்றது. அவர்கள் இருவரும் அந்த எண்ணைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாவம் என்கிற மாதிரி ஒரு பார்வை. என் அப்பாவை யாரும் அப்படிப் பார்ப்பதை என்னால் தாங்க முடியவில்லை.

எனக்கு அதற்கு முன்பே தெரியும் அப்பா. நான் கடைக்கு வந்த புதிதில் நீங்கள் டெமோவை 45இல் வைப்பீர்கள். அடுத்த வருஷம் 50. பிறகு 54. ஸ்பீக்கர் அதேதான், அறையும் அதேதான், பதிவும் அதேதான். குருவி கேட்கும்வரை ஏற்றுகிறீர்கள், ஆனால் குருவி எனக்கு 45லேயே கேட்டுக்கொண்டிருந்தது. மனிதர்களுக்கு வயதாகும்போது முதலில் போவது அந்தக் கீச்சுச் சத்தம்தான். நீங்கள் ட்ரெபிளைக் கூட்டிக் குருவியைக் கொண்டுவரும்போது மற்றவர்களுக்கு அது காதைக் கிழிக்கும். ஐஸ்வர்யா ஓடியது அதனால்தான். சுவரில் ஒட்டிய பஞ்சின்மேல் தப்பில்லை.

அன்று நீங்கள் சாப்பிடப் போனதும் மெனுவுக்குள் போய் எண்ணை அணைத்தேன். மெஷினின் முன்பக்க விளக்கை அணைத்து வைப்பது உங்கள் வழக்கம், அதனால் அங்கேயும் எண் தெரியாது. யாரும் மாற்றக் கூடாது என்று பூட்டும் போட்டேன். வாடிக்கையாளர்கள் உங்களை அப்படிப் பார்க்கக் கூடாது என்பது மட்டும்தான் என் மனதில் இருந்தது. உங்களிடம் சொல்ல தைரியம் இல்லை. அம்மாவிடம் சொல்லிவிட்டு வரலாம் என்று நினைத்தேன், அதையும் செய்யவில்லை.

ஆனால் பென் டிரைவை மறந்துவிட்டேன் அப்பா. கடை மெஷினில் நான் போட்ட 'ஆஃப்' அதற்குப் பிறகு நீங்கள் செய்த ஒவ்வொரு வீட்டுக்கும் போயிருக்கிறது. எத்தனை வீட்டில் எண் தெரியாமல் ட்ரெபிளை ஏற்றி வைத்திருப்பீர்களோ, தெரியவில்லை. உங்கள் பெயரைக் காப்பாற்றுகிறேன் என்று செய்தேன். அதுவே உங்கள் பெயரைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது.

இதை எழுதினால் நீங்கள் மே 24க்கு வரமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். எழுதாமல் இருந்தால் ஒருவேளை வந்திருப்பீர்கள். மூன்று வாரம் யோசித்தது அதைத்தான். மாதவராஜ் வீட்டில் அத்தனை பேர் முன்னால் நீங்கள் தலைகுனிந்து நிற்பதைவிட, என் பக்கத்தில் நீங்கள் நிற்காமல் இருப்பது மேல்.

என்னை மன்னித்துவிடுங்கள்.

கவி


அதியமான்கோட்டை
6.3.2025

கவிப்பிரியாவுக்கு,

கடிதம் கிடைத்தது. எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

காது கேட்கவில்லை என்றால்கூடப் பரவாயில்லை. உன் பக்கத்தில் உட்கார்ந்து மூன்று வருஷம் வேலை செய்தேன். நான் ஏற்றி வைப்பதை ஒவ்வொரு நாளும் பார்த்து, எண் எழுதி வைத்து, பாவம் அப்பா என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாய். அந்த டீச்சர் ஒரு நாள் பார்த்த பார்வையை நீ தினமும் பார்த்திருக்கிறாய். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உன் அம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது. கேட்டேன். "நம்ம வூட்டு டிவி சத்தம் மெயின் ரோடு வரைக்கும் கேக்குதுங்க, நான் எத்தினி தடவ சொல்றது" என்றாள். சொன்னதே இல்லை. அல்லது சொல்லி எனக்குக் கேட்கவில்லையோ என்னவோ.

இந்தக் கடிதத்தை நீ ஈஸ்டருக்குப் பிறகுதான் படிப்பாய். அதுவரை நான் கோபமாக இருந்துகொள்ளலாம்.

ராஜப்பன்


அதியமான்கோட்டை
19.3.2025
சூசையப்பர் திருநாள்

கவிக்கு,

இதையும் போன கடிதத்தோடு சேர்த்து வைத்துப் படி.

புதுமனை புகுவிழாவுக்கு முதல் நாள் காலை உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு மாதவராஜ் வீட்டுக்குப் போனேன். உன்னைப் பொய்யாக்கத்தான் போனேன். நம்பரைப் போட்டேன், பூட்டுத் திறந்தது. நீ எழுதியபடியே ஒவ்வொரு வரியாகப் போய் 'மேல்' என்று வைத்தேன். ரிமோட்டை ஒரு தரம் அழுத்தினேன். திரையின் மேல்மூலையில் எண் வந்தது.

71. பக்கத்தில் ட்ரெபிள் கூட்டல் 6.

45இலிருந்து 71. படம் பார்க்க உட்கார்ந்தவன்போல அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் எண் மறைந்தது, மறுபடி அழுத்தினேன், மறுபடி 71. மெஷின் பொய் சொல்லாது என்று வாடிக்கையாளர்களுக்கு நானே எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். ட்ரெபிளை நேராக்கி, சத்தத்தை 45க்குக் கொண்டுவந்து ஏலத்தைப் போட்டேன். மாது கூவுவது கேட்டது, கூடை விழுவது கேட்டது. குருவி இல்லை. சுத்தமாக இல்லை.

"ரோசு, குருவி கத்துதா?" என்று உன் அம்மாவைக் கேட்டேன். "கத்துதுங்களே, நாலஞ்சு இருக்கும்போல" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். மாதவராஜ் வாங்கிப் போட்டிருந்த சோபா அப்போதுதான் எதற்கு உதவும் என்று தெரிந்தது. அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

அதற்கப்புறம் வேலையை ஆரம்பித்தோம். உன் அம்மாவை நடுவில் உட்கார வைத்தேன். அமுதவல்லியைக் கூப்பிட்டு ஒரு பக்கம், ஐஸ்வர்யாவை ஒரு பக்கம். மூன்று பேரும் குருவி எந்த மூலையில் என்று கை காட்ட வேண்டும். மூன்று கையும் ஒரே மூலையைக் காட்டும்வரை ஸ்பீக்கர் ஸ்பீக்கராக மாற்றினேன். எண்ணை நான் பார்த்துக்கொண்டேன், குருவியை அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். சாயங்காலம் முடிக்கும்போது 46, ட்ரெபிள் சைபர். ஐஸ்வர்யா காதைப் பொத்தவில்லை. ஏலத்தை இன்னொரு தரம் போடச் சொல்லிக் கேட்டது.

மறுநாள் விழாவில் மண்டிக்காரர்கள் நாற்பது பேர் மாடிக்கு ஏறி வந்தார்கள். ஏலத்தைப் போட்டதும் எல்லார் முகமும் மலர்ந்துவிட்டது, அவர்கள் மார்க்கெட்டே வீட்டுக்குள் வந்த மாதிரி. மாதவராஜ் என் தோளில் கை போட்டு, "இந்த ஜில்லாவுக்கே ஒரே காதுங்க இது, ராஜப்பண்ணன் காது" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். நான் சும்மா சிரித்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். நன்றாக வேலை முடிந்திருக்கிறது, பாராட்டு கிடைத்திருக்கிறது, யாருக்கு என்ன தெரியும்? ஆனால் ஒரு சங்கதி தோன்றியது. பாராட்டு என் காதுக்கு வந்தது, அந்த வேலையை என் காது செய்யவில்லை. செய்யாத வேலைக்குப் பேர் வாங்க ராஜப்பனுக்கு இதுவரை அவசியம் வந்ததில்லை.

"காது போச்சுங்க" என்றேன். "கீச்சுச் சத்தம் எனக்குக் கேக்காது. இந்த ரூமை சரிபண்ணுனது இவங்க மூணு பேரு காதும், மேல தெரியுது பாருங்க, அந்த எண்ணும். எண்ணை வரவெக்கற வித்தை எழுதி அனுப்புனது என் மக. அவ இப்ப சிஸ்டருக்குப் படிக்கறா" என்றேன். பிறகு பின்னாலிருந்து ஒருவர், "அதனாலென்னங்க, மிஷினு வேல செய்யுதுல்ல, படத்தப் போடுங்க" என்றார். போட்டேன்.

எல்லாரும் சாப்பிட இறங்கினதும் மாதவராஜ் என்னை மட்டும் நிறுத்தி வைத்தார். கதவைச் சாத்திவிட்டு வந்து, "அண்ணா, யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. எனக்குச் செவப்பும் பச்சையும் ஒரே மாதிரிதான் தெரியும். பழமா காயான்னு இருபது வருஷமா அழுத்திப் பாத்துத்தான் கண்டுபுடிக்கறேன்" என்றார். ஜில்லாவிலேயே பெரிய தக்காளி மண்டிகளில் ஒன்று! நான் சிரித்த சிரிப்பில் உன் அம்மா கீழேயிருந்து ஓடி வந்தாள். அவளிடம் சொல்லவில்லை. உனக்கு எழுதியதும் தப்புதான், உங்கள் பயிற்சி சிஸ்டர் வேறு படிப்பார். அவரிடமும் சொல்லி வை, வெளியே விட வேண்டாம்.

போன கடிதத்தில் எழுதியதை நான் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அதற்குக் கீழே இதையும் சேர்த்துக்கொள். நீ பாவப்பட்டாய் என்று எழுதினேன். பாவப்பட்டவள் மூன்று வாரம் உட்கார்ந்து யோசித்து உண்மையை எழுத மாட்டாள். இது என் அம்மாவின் பிடிவாதம், எனக்கு வந்தது, உனக்கும் வந்திருக்கிறது.

அப்பா


மணப்பாறை
22.4.2025

அன்புள்ள அப்பா,

ஈஸ்டர் அன்று பூசை முடிந்ததும் பயிற்சி சிஸ்டர் உங்கள் இரண்டு கடிதங்களையும் சேர்த்துக் கையில் கொடுத்தார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. "முதல் கடுதாசிய மொதல்ல படி, பயப்படாதே, அடுத்தது இருக்கு" என்றார். மாதவராஜ் அவர்களின் ரகசியம் எங்கள் மடத்தில் இரண்டு பேரைத் தாண்டாது.

எத்தனை தரம் படித்தேன் என்று எனக்கே தெரியாது. நாற்பது பேர் முன்னால் நீங்கள் எழுந்து நின்றதை நான் பார்க்காமல் போனேனே என்றிருக்கிறது. அப்பாவுக்கு நல்ல காது என்று இங்கே எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். இப்போது அதைத் திருத்திச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எங்கள் அப்பாவுக்குக் கேட்காது, ஆனால் அவர் மாதிரி ஆள் கிடையாது என்று சொல்கிறேன். முன்பு சொன்னதைவிட இதைச் சொல்லும்போது அதிகப் பெருமையாக இருக்கிறது.

மற்ற வீடுகளை என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்கத்தான் நினைத்தேன். வேண்டாம். உங்களுக்குத் தெரியும்.

ஒன்று மட்டும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அழைப்பிதழ் வந்ததும் நீங்கள் வருத்தப்படுவீர்கள். அதைத் தவக்காலத்திலேயே அச்சடித்துவிட்டார்கள். என் கடிதம் கிடைத்த பிறகு நீங்கள் வரமாட்டீர்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததால், என்னை நடத்திக்கொண்டு வருவது சவுரியப்பன் சித்தப்பாவும் அம்மாவும் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அச்சு அப்படியே வந்திருக்கிறது. நீங்கள் வருவதாக இருந்தால் அது வெறும் தாள்தான். வரமுடியாவிட்டாலும் எனக்கு வருத்தம் இல்லை என்று எழுத ஆசை, ஆனால் அது பொய். வருத்தமாக இருக்கும்.

கவி


அதியமான்கோட்டை
5.5.2025

அன்புள்ள கவி,

அழைப்பிதழ் பார்த்தேன். சவுரியப்பனாம்! தம்பியாக இருந்தாலும் சொல்கிறேன், அவன் கல்யாணத்தில் தாலி கட்டப் போகும்போது கால் தடுக்கி விழப்பார்த்தவன், நான்தான் பிடித்தேன். அவனை நம்பியா உன்னை ஒப்படைத்தாய்? நேற்று அவனிடமே போனில் சொல்லிவிட்டேன். "நீ வா, சாப்பிடு, போட்டோவுல நில்லு. நடத்திக்கிட்டு வர்ற வேல எனக்கு" என்றேன். "அப்பாடா" என்றான்.

அந்த பென் டிரைவ் போன வீடுகள் பதினெட்டு இருந்தன. பதினெட்டுக்கும் நானும் உன் அம்மாவும் போய்வந்தோம். ஒவ்வொரு வீட்டிலும், "என் காதுல குறை, அதனால உங்க வூட்டுல சத்தத்தைத் தப்பா வெச்சுட்டேன், திருத்த வந்திருக்கறேன்" என்று வாசலிலேயே சொன்னேன். முதல் வீட்டில் சொல்வதற்கு நாக்கு எழும்பவில்லை. பத்தாவது வீட்டில் வணக்கம் சொல்வதுபோல ஆகிவிட்டது. கடைசி வீடு வத்தல்மலைமேல். கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பும்போது உன் அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஜெபமாலை சொன்னாள். ஒரு வீட்டில்கூட யாரும் ஏளனமாகப் பேசவில்லை. இரண்டு வீட்டில், ரொம்ப நாளாகச் சொல்ல நினைத்தோம், உங்கள் மனசு நோகுமே என்று விட்டுவிட்டோம் என்றார்கள். எனக்காக இத்தனை பேர் காதைப் பொத்திக்கொண்டு படம் பார்த்திருக்கிறார்கள். எல்லா வீட்டிலும் இப்போது எண் வருகிறது. கடை மெஷினிலும் வைத்துவிட்டேன். டெமோவுக்கு வருகிறவர்களிடம் முதலில் அந்த எண்ணைத்தான் காட்டுகிறேன்.

தர்மபுரியில் சசிகலா என்று ஒரு காது டாக்டரம்மா. அறையில் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்து என்றார். நானே ஆயிரம் பேருக்குச் சத்தம் கேட்க வைத்தவன், எனக்கு ஒரு பெண் சத்தம் வைக்கிறாள். வேலை சுத்தமாகச் செய்தார், குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு காதுக்கும் மிஷின் வாங்கியிருக்கிறேன். சின்னது வேண்டுமா, வெளியே தெரியாது என்று கேட்டார்கள். தெரிகிற மாதிரியே கொடுங்கள் என்றேன். என்னிடம் டெமோ கேட்க வருகிறவர்கள் பார்க்கட்டும்.

மிஷின் வைத்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. தட்டு விழுந்தால் இடி விழுகிற மாதிரி கேட்கிறது. கோயிலில் நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால் எதுவும் விளங்குவதில்லை. பெரிய இடத்தில் எதிரொலி வந்தால் பாதி வார்த்தை போய்விடுகிறது. டாக்டரம்மா, பழக ஆறு மாசம் ஆகும் என்கிறார். உனக்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை.

அதனால் இப்போதே சொல்லி வைக்கிறேன். உன்னைப் பீடம்வரை கையைப் பிடித்து நடத்தி வருவேன். பிறகு முன்வரிசையில் உட்காருவேன். நீ வார்த்தைப்பாடு வாசிக்கும்போது எனக்காக யாரையும் மைக்கைக் கூட்டச் சொல்லாதே, மற்றவர்களுக்கு எது சரியோ அதுவே இருக்கட்டும். உன் வாழ்நாளில் ஒரு தரம் சொல்கிற வார்த்தை. அதில் ஒன்றுகூட நான் விடமாட்டேன். ஏதாவது எனக்குக் கேட்காமல் போனால் ஆயர் இருந்தாலும் சரி, ஆயிரம் பேர் இருந்தாலும் சரி, எழுந்து நின்று கையைத் தூக்குவேன். அப்பாவுக்குக் கேட்கவில்லை என்று புரிந்துகொண்டு, அந்த வரியை இன்னொரு தரம் வாசி.

உன் அப்பா,
ராஜப்பன்